வாயைக் கட்டச் சொல்வதற்கு முன்

சர்க்கரை நோய்க்கோ ரத்தக் கொதிப்புக்கோ மருந்து எழுதிக் கொடுக்கும்போது நம் மருத்துவர்கள் பலர் கூடவே ஒரு வாக்கியத்தையும் சொல்லி அனுப்புவார்கள்: "வாயைக் கட்டணும்." வீட்டுக்கு வந்தால் மனைவியோ மகளோ அதையே இன்னும் கொஞ்சம் காரமாகச் சொல்வார்கள்: "நாக்கை அடக்கத் தெரியலைன்னா எத்தனை மாத்திரை போட்டு என்ன பிரயோஜனம்?" இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. அளவோடு சாப்பிடுகிறவருக்கு மன உறுதி இருக்கிறது, கண்டதையும் சாப்பிடுகிறவருக்கு அது இல்லை, ஆகவே உடம்பு பெருத்தவரின் குணத்தில்தான் கோளாறு என்ற நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர் வேறுபாடில்லாமல் எல்லோரிடமும் இது ஊறிப்போயிருக்கிறது. நோயாளியும் இதை நம்புகிறார். அதனால்தான் அடுத்த முறை ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு உள்ளே நுழையும்போதே தலைகுனிந்து நுழைகிறார்.

குணத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது. உளவியலாளர்கள் பல்லாயிரம் பேரிடம் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சான்றுகளை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவற்றை நிதானமாகப் படித்துப் பார்த்தால், "வாயைக் கட்டு" என்ற புத்திமதிக்கு அவை துணை நிற்கவில்லை என்பது தெரியும். ஒழுங்காக உண்பவர், ஆசையோடு மல்லுக்கட்டி ஒவ்வொரு நாளும் ஜெயிப்பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சான்றுகள் காட்டுவது வேறு: அவர் அந்த மல்லுக்கட்டே அதிகம் நேராதபடி தன் நாளை அமைத்துக்கொண்டவர். இந்த வித்தியாசம் பிடிபடாதவரை நாம் சொல்லும் அறிவுரை நோயாளியின் குற்ற உணர்ச்சியைக் கூட்டுமே தவிர, இடுப்புச் சுற்றளவைக் குறைக்காது.

மனிதர்களின் சுபாவத்தை அளக்க இன்றைய உளவியல் ஐந்து பெரும்பண்புகளை எடுத்துக்கொள்கிறது. புதியதைத் தேடும் நாட்டம். எடுத்த காரியத்தைத் திட்டமிட்டு முடிக்கும் பொறுப்புணர்வு. நாலு பேரோடு கலந்து பழகும் கலகலப்பு. பிறரோடு ஒத்துப்போகும் இணக்கம். சட்டென்று கவலையிலும் பதற்றத்திலும் விழும் மனக்கலக்கம். ஐந்துமே எல்லோரிடமும் உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். பால் காஸ்டா, ராபர்ட் மெக்ரே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இவற்றை அளக்க 240 கேள்விகள் கொண்ட வினாத்தாளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பெரும்பண்புக்குள்ளும் ஆறு உட்பண்புகள், ஒவ்வோர் உட்பண்புக்கும் எட்டுக் கேள்விகள். 1958-ல் அமெரிக்காவில் தொடங்கி இன்றும் நடந்துவரும் பால்டிமோர் முதுமை ஆய்வில் பங்கேற்பவர்களிடம் இந்த வினாத்தாளைக் கொடுத்து விடைகளைச் சேர்த்தார்கள். அவர்களுடைய உயரமும் எடையும் ஏற்கெனவே பல பத்தாண்டுகளாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. குணம் ஒரு பக்கம், எடை மறு பக்கம் என்று இரண்டையும் பொருத்திப் பார்க்க அது அரிய வாய்ப்பு.

அப்படிப் பொருத்திப் பார்த்து, 1,988 பேரின் 50 ஆண்டுப் பதிவுகளிலிருந்து ஆஞ்சலினா சுட்டினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொறுப்புணர்வு குறைந்தவர்களும் மனக்கலக்கம் மிகுந்தவர்களும் எடை கூடியவர்களாக இருந்தார்கள். அந்த எடையும் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தோன்றியதை உடனே செய்துவிடும் சுபாவத்தில் உச்சியில் இருந்த 10 சதவீதத்தினர், அடியில் இருந்த 10 சதவீதத்தினரைவிடச் சராசரியாக 11 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். பதினொரு கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை. மூட்டு வலி வருவதும் வராததுமாக, மாத்திரை ஒன்றா இரண்டா என்பதாக, உடம்பில் நேரடியாகத் தெரியும் வித்தியாசம் அது. குணம்தான் காரணம் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றும்.

ஆனால் தோன்றியதை உடனே செய்துவிடும் அந்த உட்பண்பை அளக்கும் எட்டுக் கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிடித்த பண்டம் கிடைத்தால் அளவு மீறிச் சாப்பிட்டுவிடுகிறீர்களா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத அளவுக்குத் தின்றுவிடுவது உண்டா என்ற பொருளில் அவற்றில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எஸ்டோனிய ஆய்வாளர் உக்கு வைனிக்கும் அவருடைய குழுவினரும் 2015-ல் இதைத் துருவிப் பார்த்தார்கள். எட்டுக் கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்து எடையோடு ஒப்பிட்டபோது, இந்த உட்பண்புக்கும் எடைக்கும் இருந்த தொடர்பு அந்த இரண்டு சாப்பாட்டுக் கேள்விகளாலேயே வந்திருந்தது. அதிகம் சாப்பிடுவதாகச் சொல்பவர்கள் எடை கூடியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் நிரூபணமாகவில்லை. குணத்தை அளக்கிறோம் என்று நினைத்து, கேள்விக்குள்ளேயே விடையை வைத்து அளந்திருக்கிறோம். உளவியல் ஆய்வுகளைச் செய்தியாக்கும் நம்மைப் போன்றவர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. 11 கிலோ என்ற எண் பொய்யில்லை. அது நிரூபிப்பதாக நாம் நினைத்தது வேறு, நிரூபிப்பது வேறு.

அப்படியானால் குணத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அது எங்கே என்பதைப் பின்லாந்தின் மார்க்கஸ் யோகெலா தலைமையிலான குழு 2013-ல் காட்டியது. ஒன்பது நீண்டகால ஆய்வுகளைச் சேர்ந்த 78,931 பேரின் விவரங்களை அவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்து பெரும்பண்புகளில் நான்குக்கும் உடல் பருமனுக்கும் எல்லா ஆய்வுகளிலும் நிலைத்து நிற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று, பொறுப்புணர்வு. அது கூடக் கூட, உடல் பருமனுக்கான வாய்ப்பு குறைந்தது. பருமனாக இல்லாதவர்கள் பின்னாளில் பருமனாவதும் பொறுப்புணர்வு மிகுந்தவர்களிடம் குறைவு. ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள் அதிலிருந்து மீள்வதும் அவர்களிடம் சற்றே அதிகம். பொறுப்புணர்வை அளக்கும் கேள்விகள் நேரம் தவறாமை, ஒழுங்கு, தொடங்கியதை முடிப்பது போன்றவற்றைப் பற்றியவை. ஆகவே எஸ்டோனியர்கள் கண்டுபிடித்த ஓட்டை இங்கே இல்லை. விளைவின் அளவு மிதமானதுதான், ஆனால் உறுதியானது.

ஆனால் தட்டில் என்ன விழுகிறது என்பதில் மற்றப் பண்புகளின் கையும் இருக்கிறது. ஜூரிச் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்மென் கெல்லரும் மிஷாயில் சீக்ரிஸ்ட்டும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், புதுமை நாட்டம் உள்ளவர்கள் காய்கறியும் பழமும் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். கலகலப்பானவர்கள் இனிப்பு, நொறுக்குத்தீனி, இறைச்சி, குளிர்பானம் ஆகியவற்றை அதிகம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது விஷயம் யோசிக்க வைக்கிறது. கலகலப்பு என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் நாலு பேர் கூடுமிடத்தில் எல்லாம் தின்பண்டம் இருக்கும். நம் அலுவலகங்களில் மாலை நாலரை மணிக்கு டீக்கடைக்குக் கிளம்பும் கூட்டத்தைப் பாருங்கள். அங்கே போவது பேச்சுக்காக. பேச்சோடு ஒரு டீ, அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, எண்ணெய் வடியாத வாழைக்காய் பஜ்ஜி இரண்டு, யாருக்காவது பிறந்தநாள் என்றால் சமோசாவும் ஜிலேபியும். அந்தக் கூட்டத்தில் சேராமல் தனியே மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு மன உறுதி அதிகம் என்று பொருள் இல்லை. கூட்டம் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். இணக்க சுபாவமும் இப்படித்தான். பந்தியில் பரிமாறுகிறவர் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஜாங்கிரியோடு குனியும்போது இலையைக் கையால் மறைக்க எல்லோருக்கும் மனம் வராது. மறுத்தால் அழைத்தவர் முகம் வாடுமே என்று நினைக்கிறவர்தான் அதையும் வாங்கிக்கொள்கிறார். நல்ல குணங்கள் என்று நாம் கொண்டாடுகிற குணங்களே, இடத்தைப் பொறுத்து, எடை கூட்டும் குணங்களாகிவிடுகின்றன.

மனக்கலக்கம் இயங்கும் விதம் வேறு. கவலை வந்தால் பசி அடங்கிவிடும் என்பதுதான் உடம்பின் இயல்பான விதி. சிலருக்கு மட்டும் அது தலைகீழாக நடக்கிறது. பசிக்கும் துயரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டுக்கும் உணவையே மருந்தாக எடுத்துக்கொள்ளும் நோயாளிகளை மனநல மருத்துவர் ஹில்டே புரூக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விவரித்திருக்கிறார். நெதர்லாந்தின் டாட்யானா வான் ஸ்ட்ரீனும் அவருடைய குழுவும் 1986-ல் உருவாக்கிய வினாத்தாள் உண்ணும் விதத்தை மூன்றாகப் பிரித்தது: உணர்ச்சியால் உண்பது, கண்ணில் பட்டதால் உண்பது, கட்டுப்பாடு போட்டு உண்பது. ஜூரிச் ஆய்வில் மனக்கலக்கம் மிகுந்தவர்கள் நேரடியாக இனிப்பைத் தேடிப் போகவில்லை. உணர்ச்சியால் உண்ணும் பழக்கமும் கண்ணில் பட்டதை உண்ணும் பழக்கமும் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டன. குணத்துக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பழக்கம் இருக்கிறது என்பது இதனால் தெரிகிறது. குணத்தைத் தொடுவது கடினம், ஆனால் நடுவில் இருக்கும் அந்தப் பழக்கத்தைத் தொட முடியும்.

பொறுப்புணர்வு உள்ளவர் என்னதான் செய்கிறார்? ஆசை வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் பொதுவான எண்ணம். வில்ஹெல்ம் ஹோஃப்மானும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் வட்டாரத்தில் 205 பேர் கையில் கைப்பேசியைக் கொடுத்து ஒரு வாரம் பின்தொடர்ந்தார்கள். நாளுக்குப் பலமுறை மணி அடிக்கும். அந்த நேரத்தில் மனதில் என்ன ஆசை இருக்கிறது, அது எவ்வளவு வலுவானது, அதோடு போராடுகிறீர்களா, தோற்றீர்களா என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இப்படி 7,827 ஆசைகள் பதிவாயின. சாப்பாட்டு ஆசையும் தூக்கமும்தான் அவற்றில் முன்னணியில் இருந்தன. 2012-ல் வெளியான முடிவு, எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக இருந்தது. பொறுப்புணர்வின் நெருங்கிய உறவான சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் என்று அளவிடப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஆசையோடு போராடினார்கள். அவர்களுக்குள் மோதலே குறைவாக நடந்தது. அதே ஆண்டு டெனிஸ் டி ரிடர் குழு 102 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சுயக்கட்டுப்பாட்டின் பலன், யோசித்து முயன்று செய்யும் செயல்களைவிட யோசிக்காமல் தானாக நடக்கும் பழக்கங்களில்தான் அதிகமாகத் தெரிந்தது. படிப்பிலும் வேலையிலும் அதன் செல்வாக்கு நன்றாகத் தெரிந்தது; உண்பதிலும் எடையிலும் மிகக் குறைவாகவே தெரிந்தது. வாயைக் கட்டுவதற்கு மன உறுதியே ஆயுதம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆகவே பொறுப்புள்ளவரின் ரகசியம் அவருடைய சமையலறையிலும் கடிகாரத்திலும் இருக்கிறது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். அதனால் பதினோரு மணிக்கு பப்ஸ் அவரை இழுப்பதில்லை. மதியத்துக்கு டப்பாவில் சாதமும் கூட்டும் கட்டிக்கொண்டு போகிறார். அதனால் உணவு டெலிவரி செயலியைத் திறக்கும் தருணமே வருவதில்லை. மாதச் சாமான் பட்டியலில் பிஸ்கட் இல்லை. ஆகவே ராத்திரி பத்தரைக்குத் தொலைக்காட்சி முன்னால் எழுந்து போய்த் திறக்க டப்பாவும் இல்லை. எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது, பதினோரு மணிக்குத் தூக்கம். இதில் எந்த இடத்திலும் வீரம் இல்லை. சனிக்கிழமை காய்கறிக் கடையில் எடுத்த முடிவு அடுத்த ஆறு நாளும் அவருக்காக வேலை செய்கிறது. பொறுப்புணர்வு குறைந்தவருக்கு அதே முடிவை ஒவ்வொரு நாளும், பசியோடும் களைப்போடும், அந்தந்த நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. மனித மனம் எடுக்கும் முடிவுகளில் மோசமானவை பசிக்கும் நேரத்தில் எடுப்பவைதான்.

இதற்கு முதல் எதிர்வாதம், காரணகாரியம் தலைகீழாக இருக்கலாமே என்பது. குணம் சாப்பாட்டை மாற்றுவதற்குப் பதிலாக, சாப்பாடும் எடையும் குணத்தை மாற்றுகின்றனவோ? இது நியாயமான கேள்வி, பாதி உண்மையும்கூட. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்குக்குக் கீழே இருந்த ஆய்வகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராமல், அதற்கு மாற்றாக இந்தச் சேவைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். உடல்நலத்தோடு மனநலத்தையும் சோதித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. எடையோடு குணமும் போனது. சாந்தமானவர்கள் எரிந்து விழுந்தார்கள், கலகலப்பானவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், உளவியல் சோதனையில் மனச்சோர்வின் அளவு ஏறியது. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், ஒருவர் ஒரு நாளைக்கு 40 பாக்கெட் வரை சூயிங்கம் மென்றார். மன உறுதியில் சோதித்துத் தேறிய ஆண்களுக்கே பசி இதைச் செய்தது என்றால், "வாயைக் கட்டு" என்ற கட்டளையை மாதக்கணக்கில் நிறைவேற்றுகிறவர் மனக்கலக்கம் கூடியவராகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

பட்டினி அளவுக்குப் போக வேண்டியதில்லை. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975-ல் கல்லூரி மாணவிகளிடம் செய்த சோதனையில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்க்ரீமை எவ்வளவு வேண்டுமானாலும் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்க்ரீமைக் குறைத்தார்கள். டயட்டில் இருந்தவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற கதைதான். கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ, அது அறுபடும்போது வெள்ளமும் அவ்வளவு பெரிது. பால்டிமோர் ஆய்வில் சிலரின் எடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இதோடு வெட்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்டினும் அன்டோனியோ டெரச்சியானோவும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பருமனாக இல்லாமல், உடம்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் பருமனாவதற்கான வாய்ப்பு, அப்படி உணராதவர்களைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. குத்திக் காட்டினால் ரோஷம் வந்து இளைப்பார் என்ற நம் குடும்ப வைத்தியத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. குணம், பழக்கம் என்றெல்லாம் ஏன் பேச வேண்டும், கடையில் விற்கும் சாப்பாடுதானே குற்றவாளி? 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பெதஸ்டா மருத்துவமனையில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறப்பட்ட உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பதப்படுத்தப்பட்ட உணவில் நார்ச்சத்து போதாததால் அதைக் கரைத்து எலுமிச்சைச் சாற்று பானத்தில் ஊற்ற வேண்டியிருந்தது. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். பதப்படுத்தப்பட்ட உணவு தரப்பட்ட நாட்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ஆட்கள் மாறவில்லை, குணம் மாறவில்லை, தட்டு மட்டும் மாறியது.

நம் ஊர்க் கணக்கும் இதையே சொல்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2-லிருந்து 37.0. இந்திய அளவில் பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் 22.9 சதவீதம்தான் என்பதோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒரு மாநிலத்துப் பெண்களின் பொறுப்புணர்வு சரிந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? சுபாவம் அவ்வளவு வேகமாக மாறாது. மாறியது கடை, வேலை நேரம், குறைந்துபோன நடை, கைப்பேசியில் விரல் நுனிக்கு வந்துவிட்ட சாப்பாடு.

இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதனால் குணத்தின் பங்கு ஒழிந்துவிடுவதில்லை. அது எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகிறது. வீட்டில் அரிசியும் பருப்பும் தவிர வேறு எதுவும் இல்லாத காலத்தில், தோன்றியதைச் செய்யும் சுபாவம் உள்ளவருக்கும் திட்டமிட்டு வாழ்பவருக்கும் தட்டில் ஒரே சாப்பாடுதான் விழுந்தது. பலகாரம் தீபாவளிக்கு வந்தது. குணத்துக்கு அங்கே வேலை இல்லை. இன்று தெருமுனையில் பேக்கரி, பக்கத்தில் பரோட்டாக் கடை, சட்டைப்பையில் நூறு ஹோட்டல்களின் பட்டியல். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. முடிவுகள் பெருகப் பெருக, சுபாவ வித்தியாசங்களுக்குத் தீனி கிடைக்கிறது. சூழல்தான் எல்லோரையும் தள்ளுகிறது. குணம், யார் முதலில் விழுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே இரண்டில் எது காரணம் என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: நாளை அமைத்துக்கொள்வது எல்லோராலும் முடியும், சோம்பேறித்தனத்துக்கு ஏன் சப்பைக்கட்டு? இதற்குப் பதில், ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் குழந்தைகளிடம் செய்த புகழ்பெற்ற மிட்டாய்ச் சோதனையின் பிற்கால வரலாற்றில் இருக்கிறது. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் வாழ்க்கையில் முன்னேறினார்கள் என்று பல ஆண்டுகள் பேசினோம். டைலர் வாட்ஸ் குழு 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு இதைத் திரும்பப் பார்த்தது. தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பகாலத் திறன்களையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. காத்திருக்கும் குணம் என்று நினைத்ததில் பெரும்பகுதி, காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்ப வைத்த வீட்டின் குணம். மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அதைக் கட்டிக்கொடுக்க வீட்டில் யாரோ இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து விடியற்காலை அறைக்குத் திரும்பும் இளைஞருக்கு அடுப்பே கிடையாது. அவரிடம் போய் ஒழுங்கைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கலானது. நம் ஆய்வாளர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது என்று கருதுகிறேன். குடும்பத் தலைவிகளின் பொறுப்புணர்வு பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பு யாருக்காக வேலை செய்கிறது? கணவருக்கு உப்பில்லாத குழம்பு தனியாக, மாமனாருக்குச் சப்பாத்தி, பிள்ளைக்கு நூடுல்ஸ். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரத்தில் மிஞ்சிய சோற்றையும் பிள்ளை வைத்துவிட்டுப் போன பாதித் தோசையையும் கொட்ட மனசில்லாமல் சாப்பிடுகிறார் அவர். வீணாக்கக் கூடாது என்ற அதே பொறுப்புணர்வுதான் அவரை அதைச் சாப்பிட வைக்கிறது. வினாத்தாளில் அவருக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும். எடைத் தராசில் அந்த மதிப்பெண் உதவாது. பொறுப்புணர்வு தன் நாளைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமை உள்ளவருக்குத்தான் மெலிவைத் தரும்.

பிறவிக் குணம் மாறாது, அப்புறம் இதையெல்லாம் ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. பிறப்போடு வருவது ஒரு பகுதிதான். 92 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பிரெண்ட் ராபர்ட்ஸ் குழு காட்டியபடி, சராசரி மனிதரின் பொறுப்புணர்வு இளமையிலிருந்து நடுவயது வரை ஏறிக்கொண்டே போகிறது. அதே குழு 2017-ல் 207 ஆய்வுகளைப் பார்த்தபோது, மனநலச் சிகிச்சை சில மாதங்களிலேயே மனக்கலக்கத்தைக் கணிசமாகக் குறைத்தது தெரிந்தது. குணம் மாறக் காத்திருக்கவும் வேண்டாம், குணத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் பழக்கத்தை நேரடியாகப் பிடிக்கலாம். பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாகச் சோதித்துவரும் முறை இதற்கு உதவும். "இனிமேல் அளவாகச் சாப்பிடுவேன்" என்ற பொதுச் சபதத்துக்குப் பதிலாக, "நாலரை மணிக்கு டீக்கடைக்குப் போனால், பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் வாங்குவேன்" என்று நேரம், இடம், செயல் மூன்றையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. பொறுப்புள்ளவரிடம் தானாக நடப்பதை, மற்றவர் கடனாக வாங்கிக்கொள்ளும் வழி இது. சாப்பாட்டில் இதன் பலனை 2011-ல் மரிக்கே அட்ரியான்சே குழு தொகுத்துப் பார்த்தது: கெட்டதை நிறுத்துவதைவிட நல்லதைச் சேர்ப்பதில் இது நன்றாக வேலை செய்கிறது. ஆகவே மருத்துவர் "அதைத் தின்னாதே, இதைத் தின்னாதே" என்று பட்டியல் போடுவதைவிட, நாலரை மணிக்கு எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள், ராத்திரி சமைப்பது யார், கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் அதிகம் தெரிந்துகொள்வார். கலகலப்பானவருக்குக் கூட்டத்தோடு ஒட்டிய வழி வேண்டும்; கவலையில் உண்பவருக்குக் கவலைக்குத்தான் முதலில் வைத்தியம் வேண்டும். இருவருக்கும் ஒரே டயட் தாளை நீட்டுவது மருத்துவம் ஆகாது.

தனிமனிதர்களோடு நிற்காமல் அரசு செய்ய வேண்டியதும் இந்த வாதத்திலிருந்தே வருகிறது. சிலி நாடு 2016 ஜூனில், சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அவற்றைப் பள்ளிகளில் விற்கவும் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை போட்டது. சட்டத்தின் முதல் கட்டத்துக்குப் பிறகு, எச்சரிக்கை பெற்ற பானங்களின் கொள்முதல் ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலாக அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தர மதிப்பீடு தரலாம் என்றது. அந்த முறையில் சர்க்கரைக்கும் உப்புக்கும் மதிப்பெண் குறைத்துவிட்டு, நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் கொட்டைப் பருப்புக்கும் மதிப்பெண் கூட்டுவார்கள். சர்க்கரை நிறைந்த பிஸ்கட்டில் கொஞ்சம் ஓட்ஸும் முந்திரியும் தூவினால் நட்சத்திரம் ஏறும். பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து, கணக்குப் போட்டு, இரண்டு நட்சத்திரத்துக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிப்பவர், ஏற்கெனவே பிஸ்கட்டைப் பட்டியலில் எழுதாத அந்தப் பொறுப்புள்ளவர்தான். வேலை முடிந்து பசியோடு கடை வாசலில் நிற்பவருக்கு, யோசிக்காமலே கண்ணில் படும் கறுப்பு எச்சரிக்கைதான் பயன்படும். நம் ஆணையம் நட்சத்திரத்தைக் கைவிட்டு அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.